ஒரு மாத்திரைக்குள் இரண்டு மருந்து

எங்கள் பார்சல் ஆபீசில் வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவர், சென்ற மாதம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. நெல்லைச் சீமையிலிருந்து மும்பைக்கு வந்து 30 வருஷம் உழைத்த உடம்பு. அவரை நம்பி ஊரில் ஐந்து பேர்.

கைத்தாங்கலாகப் பக்கத்து டாக்டரிடம் அழைத்துப் போனோம். "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்றார் டாக்டர். அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்து மேஜையில் வைத்தார். இரண்டும் ரத்தக் கொதிப்புக்கு. ஒன்று பல நாளாகச் சாப்பிட்டு வந்த 'அம்லோடிபின்' 5 மில்லிகிராம். மற்றது, இரண்டு வாரத்துக்கு முன் வேறொரு டாக்டர் எழுதிக் கொடுத்த புது மாத்திரை. அதன் பின்புறம் இருந்த பொடி எழுத்தை டாக்டர் படித்துக் காட்டினார். 'டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5.'

பழைய மருந்து புது மாத்திரைக்குள்ளேயே இருக்கிறது! அண்ணாச்சி தினமும் அதை இரட்டிப்பாக விழுங்கி வந்திருக்கிறார். காலில் வீக்கமும் தலைசுற்றலும் அதனால்தான் என்றார் டாக்டர்.

"பழசை நிறுத்தச் சொல்லலையா, அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"புதுசு எழுதிக் கொடுத்தாரு, தம்பி. பழசை நிறுத்துன்னு யாரும் சொல்லலியே. காசு போட்டு வாங்கினது வீணாப் போகலாமா?" என்றார்.

குற்றம் யாருடையது? படிக்காதவர் மேல் பழி போடுவது சுலபம். ஆனால் சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை என்பதே என் கட்சி.

மருந்து மோசமா?

இதைக் கேட்ட நண்பர் ஒருவர், "கூட்டு மாத்திரையே மோசடி. 2018-ல் மத்திய அரசு 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்யவில்லையா?" என்றார். தடை செய்தது உண்மை. அவற்றைச் சேர்த்துக் கொடுக்க மருத்துவக் காரணம் இல்லை என்பதால் வந்த தடை அது. ரத்தக் கொதிப்புக் கூட்டு மாத்திரைகளின் கதை வேறு. டெல்மிசார்டனும் அம்லோடிபினும் சேர்ந்த மாத்திரையை, உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்த்தது.

காரணம் எளிது. அம்லோடிபின் ரத்தக் குழாயைத் தளர்த்துகிறது. டெல்மிசார்டன், குழாயை இறுக்கும் ஹார்மோனின் வேலையைத் தடுக்கிறது. ஒரே மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போவதைவிட, இரண்டைக் குறைந்த அளவில் சேர்த்தால் பலன் அதிகம், தொல்லை குறைவு. ஒரு வாரம் பகல் டூட்டி, மறு வாரம் இரவு டூட்டி என்று ஓடும் நமக்கு, இரண்டு மாத்திரையை நினைவு வைப்பதைவிட ஒன்று சுலபம். ஆகவே கூட்டு மாத்திரை நம்மைப் போன்றவர்களுக்கு ஏற்றதுதான். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்து விழுங்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

புது மாத்திரை எழுதினால், "பழையதை நிறுத்தவா, சேர்த்துச் சாப்பிடவா?" என்று கேளுங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். கம்பெனிப் பெயர் ஒன்றாக இருந்தாலும் வால் எழுத்தைப் பாருங்கள். பெரும்பாலும் 'ஏஎம்' என்றால் அம்லோடிபின் சேர்ந்தது. 'எச்' என்றால் சிறுநீர் வழியே உப்பையும் நீரையும் வெளியேற்றும் மருந்து சேர்ந்தது. ஒன்றுக்குப் பதில் மற்றதை வாங்கக்கூடாது.

நாகர்கோவில் எக்ஸ்பிரசில் இரண்டு இரவுப் பயணம். மாத்திரையைப் பெட்டியில் பூட்டாமல் கைப்பையில் வையுங்கள். காலி அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். ஊர்க் கடையில் அதைக் காட்டித்தான் வாங்க வேண்டும். தலைவலி இல்லை, உடம்பு நன்றாக இருக்கிறது என்று நிறுத்திவிடாதீர்கள். ரத்தக் கொதிப்பு வலியைக் காட்டாமலே மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஒரு நாள் மறந்தால், மறுநாள் இரண்டாகச் சாப்பிடவும் கூடாது. கர்ப்பிணிகளுக்கு டெல்மிசார்டன் ஆகாது. ஆகவே வீட்டில் ஒருவர் மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள்.

விலைக்குப் பயப்படுகிறவர்கள் 'ஜன் அவுஷதி' கடையில் விசாரிக்கலாம். அங்கே மருந்தின் பெயரிலேயே மலிவாக விற்கிறார்கள்.

அவர்கள் செய்ய வேண்டியது

ரெயில் டிக்கெட்டில் ஒரு எழுத்துத் தவறினால் பயணிக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். மருந்துச் சீட்டு எழுதுகிறவருக்கும் அந்தப் பொறுப்பு உண்டு. 'பழைய மாத்திரை நிறுத்தம்' என்று ஒரு வரி சீட்டில் எழுத எத்தனை நொடி ஆகும்? கடைக்காரர் அட்டையைக் கையில் கொடுக்கும்போது, "இதில் இரண்டு மருந்து இருக்கிறது" என்று சொல்ல என்ன செலவு?

அண்ணாச்சி பிழைத்தார். டாக்டர் சொன்னபடி பழைய மாத்திரையை நிறுத்தினார். வீக்கம் வடிந்து மறுபடி வேலைக்கு வருகிறார். படியில் உருண்டிருந்தால் ஊரில் ஐந்து பேரின் கதி என்ன? அந்த ஒரு வரியை எழுத டாக்டர்கள் முன்வருவார்களா?