எந்தப் பள்ளி நம்முடையது?

தொழப் போனாலும் பள்ளிக்குப் போகிறோம் என்கிறோம். பிள்ளை படிக்கப் போனாலும் பள்ளிக்குப் போகிறான் என்கிறோம். சொல் ஒன்றாக இருந்தும் நமது கரிசனம் ஒன்றாக இல்லை. முதற்பள்ளியின் மினாராவில் சுண்ணாம்பு உதிர்ந்தால் அடுத்த ஜும்ஆவிலேயே வசூல் முடிந்துவிடுகிறது. மற்றப் பள்ளியின் கூரை ஒழுகினால், "அது கவர்ன்மெண்டுப் பள்ளிக்கூடம், கவர்ன்மெண்டு பார்த்துக்கொள்ளட்டும்" என்று நடையைக் கட்டுகிறோம்.

பெரம்பலூர் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்த இம்மாவட்டத்தில் நான்கே ஊராட்சி ஒன்றியங்கள். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 5,65,223 பேருடன், தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே மிகக் குறைந்த மக்கள்தொகை கொண்டிருந்தது இதுதான். மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரிப் பூமி. லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் என நம்மவர் நிறைந்து வாழும் ஊர்களும் இங்கே உண்டு. வெளிநாட்டுச் சம்பாத்தியம் வரும் வீட்டுப் பிள்ளையை வாசலுக்கே வந்து வேன் ஏற்றிச் செல்கிறது. வெங்காயக் காட்டில் கூலிக்குப் போகும் தாயின் பிள்ளைக்கு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியை விட்டால் வேறு கதி ஏது?

அந்தப் பள்ளியில் தரமில்லை என்பதுதான் நம்மவர் சொல்லும் முதற்காரணம். தரம் எப்படிக் குறைகிறது என்பதைச் சற்று நிதானமாகக் கணக்குப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அறுபது பிள்ளைகள் வரையுள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. ஒருவர் கூட்டத்திற்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போய்விட்டால், மற்றவர் ஐந்து வகுப்பையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்துச் சமாளிக்க வேண்டும். பள்ளி மானியமும் தலையை எண்ணித்தான் வருகிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2021இல் வகுத்த விதியின்படி, முப்பது பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். அதற்கு மேல் நூறு வரை 25,000 ரூபாய். முப்பத்தைந்து பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலிருந்து ஆறு பேரை வேன் ஏற்றிச் சென்றால், மானியத்தில் 15,000 ரூபாய் அப்போதே போயிற்று! குழாய் மாற்றவும் கழிப்பறை பழுது பார்க்கவும் வைத்திருந்த பணம் அது. அடுத்த ஆண்டு, "அந்தப் பள்ளியில் கழிப்பறைகூடச் சரியில்லையே" என்று முகம் சுளிப்பவர் யார்? அந்த ஆறு பிள்ளைகளின் தந்தையர்தாம். இப்படியே பிள்ளைகள் குறையக் குறைய, "பிள்ளைகளே இல்லாத பள்ளி எதற்கு?" என்ற கேள்வி ஒருநாள் எழும். அப்போது நாம் மனுக் கொடுக்க ஓடுவோம்.

அரசுகளுக்கு வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக, 2024-25ஆம் ஆண்டுக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. மாநில அரசு 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றத்தின் படியேறியது. கொள்கையில் பிணக்கு இருக்கலாம். அதற்காக ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் பங்கைப் பிணையாகப் பிடித்துவைப்பது எந்த நியாயத்தில் சேரும்? இன்னொன்றும் உண்டு. தனியார் பள்ளிகளின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடங்களை நலிந்தோர்க்கு ஒதுக்கி, கட்டணத்தை அரசே செலுத்துகிறது. அந்த இடத்தைத் தேடிப்போகும் ஏழைத் தகப்பனை நாம் குறை சொல்லோம். ஆனால் ஊர்ப் பள்ளியைக் காலி செய்யும் செலவையும் பொதுப் பணத்திலிருந்தே கொடுக்கும் ஏற்பாட்டை என்னவென்பது?

சரி, கட்டணம் கட்டிப் பெறும் தரத்தையும் பார்ப்போம். நாம் பல்லாண்டுகளாக சுப்ஹுக்குப் பின் மக்தபில் ஓதிக்கொடுத்து வருகிறோம். இருவகைப் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே பாயில்தான் அமர்கிறார்கள். அவ்வப்போது தமிழில் நாலு வரி சொல்லி எழுதச் சொல்வது நமது வழக்கம். கழுத்தில் டை கட்டப்போகிற பிள்ளையும் தடுமாறுகிறது. கட்டாத பிள்ளையும் தடுமாறுகிறது. நாட்டளவில் நடக்கும் 'அசர்' ஆய்வும் இதையே சொல்லிற்று. 2022இல் தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில், இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பத்தில் ஒருவர்கூட இல்லை. இது கொரோனா முடக்கம் விட்டுச் சென்ற காயம். தனியார் பள்ளிகளும் அதற்குத் தப்பவில்லை. அவ்வாண்டு அரசு தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் காலைச் சிற்றுண்டியும் அக்காயத்திற்கு மருந்தாக வந்தவை. வேனும் டையும் எந்தக் காயத்திற்கு மருந்து?

பத்ருப் போரில் பிடிபட்ட மக்கத்துக் கைதிகளில், ஈட்டுத்தொகை கொடுக்க வசதியற்ற, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்பித்தால் விடுதலை என்று நாயகம் (ஸல்) அவர்கள் விதித்ததை மீலாது மேடைகளில் முழங்குகிறோம். அப்போதுதான் வேரூன்றிய சமுதாயம், பணத்தேவை கொஞ்சமல்ல. அந்த நெருக்கடியிலும் காசுக்கு ஈடாக எழுத்து ஏற்கப்பட்டது. யாருடைய பிள்ளைகளுக்காக? ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்காகவும். கற்பித்தவர்களோ நேற்று வாளேந்தி எதிரில் நின்றவர்கள். நாமோ, நம் ஊரில் நம் வரியில் நடக்கும் பள்ளியை அந்நியர் வீடு போல் எட்டி நின்று பார்க்கிறோம்.

பிறரைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. நாம் படித்தது ஓட்டுக்கூரை போட்ட ஊராட்சிப் பள்ளியில். ஆயினும் நம் இளைய மகனை, வீட்டார் சொல்லையும் ஊரார் பார்வையையும் தாங்கமாட்டாமல் வேன் ஏற்றி அனுப்பினோம். அன்று அந்தத் தலைமையாசிரியர் வழியில் எதிர்ப்பட்டு, "ஹஜ்ரத், நீங்களுமா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு இன்னும் நம்மிடம் விடையில்லை.

பிள்ளையை அங்கே அனுப்பாதவரும் அங்கே போகலாம். கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. முக்கால் பங்கு உறுப்பினர் பெற்றோர். குழுவில் பாதிப்பேர் பெண்கள். மானியம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவாயிற்று, ஆசிரியர் இடம் எத்தனை நாளாகக் காலி என்று கேட்கும் உரிமை அந்தத் தாய்மார்களுக்கு உண்டு. கேட்கும்போது துணைக்கு ஆளில்லாமல்தான் வாய்மூடி இருக்கிறார்கள். முத்தவல்லியும் ஜமாஅத்தின் நாலு பெரியவர்களும் அவர்களுக்குப் பின்னால் போய் நின்றால் கணக்கேடு தானாகத் திறக்கும். 2022இல் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது, கூட்டத்தை வெள்ளிக்கிழமை பிற்பகலில் வைக்கச் சொன்னார்கள். ஜும்ஆ முடிந்து, பிரியாணிக் கடைப் பக்கம் திரும்பாமல் நேரே நடந்தால் போய்ச் சேர்ந்துவிடும் தூரந்தான். நம் ஜமாஅத்திலிருந்து எத்தனை பேர் போனோம்?