ஏழு நாள் என்று எந்தக் கிதாபில் இருக்கிறது?

போடிமெட்டு ஏறி, பூப்பாறை வழியாகச் சின்னக்கானல் போகும் பாதை நெடுகத் தேயிலையும் ஏலமும்தான். அந்த மலைக்குக் கீழே, கம்பம் பள்ளத்தாக்கு ராவுத்தர்கள் ஹனஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். மலைக்கு மேற்கே, கேரளத்து மாப்பிள்ளைமார் ஷாஃபிஈ. கை கட்டும் இடத்திலிருந்து சுபுஹுத் தொழுகையில் குனூத் ஓதுவது வரை இரு தரப்புக்கும் வேறுபாடு உண்டு. ஆனால் பெண்கள் விஷயத்தில் மட்டும் இரு பக்கமும் ஒரே பேச்சு நிலவுகிறது: ஹைளு வந்தால் ஏழு நாள் தொழுகை இல்லை, ஏழாம் நாள் தலைக்குக் குளித்த பிறகே முஸல்லாவை விரிக்க வேண்டும்.

மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படும் இந்தக் கணக்கு மார்க்கத்தில் இல்லை.

ஷாஃபிஈ சட்டத்தில் மாதவிலக்கின் குறைந்த அளவு ஒரு பகலும் ஓர் இரவும். கூடிய அளவு 15 நாள். ஹனஃபியில் குறைந்தது 3 நாள், கூடியது 10 நாள். இரண்டு விலக்குகளுக்கு நடுவே குறைந்தது 15 நாள் சுத்தம் இருக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். எல்லோருக்கும் ஏழு என்று எந்த மத்ஹபும் விதிக்கவில்லை. ஏழு என்ற எண் வருகிற இடம் வேறு. ஹம்னா பின்த் ஜஹ்ஷ் என்ற நபித்தோழிக்கு உதிரப்போக்கு ஓயாமல் இருந்தது. எது விலக்கு, எது நோய் என்று பிரிக்க முடியாமல் தவித்தார். மாதத்தில் ஆறோ ஏழோ நாளை விலக்காக வைத்துக்கொண்டு, மீதி நாள்களில் தொழும்படி நபிகள் நாயகம் அவருக்குச் சொன்னதாகத் திர்மிதி, அபூதாவூத் நூல்களில் செய்தி உண்டு. நோயாளி ஒருவர் விடாமல் தொழ வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்ட வழி அது. அதையே எடுத்து, நோயில்லாத பெண்ணைத் தொழவிடாமல் நிறுத்தப் பயன்படுத்துவது எந்த விதத்தில் நியாயம்?

நான்காம் நாளே நின்றுபோகிற பெண்கள் ஏராளம். நின்று, வெள்ளை கண்டுவிட்டால் அன்றே குளித்துத் தொழ வேண்டும். இதில் ஹனஃபி, ஷாஃபிஈ பேதம் கிடையாது. ஏழு என்று காத்திருக்கும்போது மூன்று நாளின் 15 வேளை ஃபர்ளுத் தொழுகை கைவிட்டுப் போகிறது. ரமழானாக இருந்தால் பிடித்திருக்கக்கூடிய மூன்று நோன்பும் சேர்ந்து போகும். மார்க்கப் பற்றோடுதான் அந்தப் பெண் காத்திருக்கிறாள். விட்ட தொழுகைக்கு அவள் பொறுப்பாளி என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. 11ஆம் நாளும் நிற்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ராவுத்தர் வீட்டுப் பெண்ணுக்கு அது விலக்கு அல்ல. குளித்துவிட்டுத் தொழ வேண்டும், வழக்கமான நாள்களைக் கழித்து இடையில் விட்ட தொழுகைகளையும் களாச் செய்ய வேண்டும். மாப்பிள்ளை வீட்டுப் பெண்ணுக்கு 15 நாள் வரை அது விலக்காகவே கருதப்படும். நேரக் கணக்கிலும் இப்படித்தான். அஸர் நேரம் முடிவதற்குள் சுத்தமானால் ஷாஃபிஈ பெண் லுஹரையும் சேர்த்துத் தொழ வேண்டும். ஹனஃபி பெண்ணுக்கு அஸர் மட்டும் போதும். ஓர் ஊர்ப் பெண் மலை தாண்டி வாழ்க்கைப்பட்டுப் போனால் மாமியார் சொல்வது ஒன்றாகவும் அம்மா சொல்வது வேறாகவும் இருக்கும். இத்தனை நுணுக்கமான சட்டத்தை ஒரே எண்ணில் அடைத்துவிட்டு, அதற்குப் பேணுதல் என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

நாள் எண்ணும் பொறுப்பைச் சட்டம் பெண்ணின் கையில்தான் கொடுத்திருக்கிறது. மதீனாவின் பெண்கள் சிறு பேழையில் பஞ்சை வைத்து அன்னை ஆயிஷாவிடம் அனுப்பிச் சந்தேகம் கேட்பார்கள். மஞ்சள் நிறம் தெரிந்தால், வெள்ளை காணும் வரை அவசரப்பட வேண்டாம் என்று அவர் சொல்லியனுப்புவார். இமாம் மாலிக்கின் முவத்தாவில் இது பதிவாகியிருக்கிறது. அதே நூலில் இன்னொரு செய்தி. நடுராத்திரியில் விளக்கைக் கொண்டுவரச் சொல்லிச் சுத்தமாகிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்த பெண்களை ஸைத் பின் ஸாபித்தின் மகள் கடிந்துகொண்டார். அந்தக் காலத்துப் பெண்கள் இப்படியெல்லாம் செய்ததில்லை என்றார். இன்றைக்குச் செல்போன் டார்ச்சோடு குளியலறையில் நிற்கிற பெண்ணுக்கும் அவர் அதைத்தான் சொல்வார். அவசரமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம், கண்டதை வைத்து முடிவு செய் என்பதுதான் அந்தத் தலைமுறைப் பெண்கள் விட்டுச்சென்ற வழி.

ஏழு நாள் கணக்கைவிடக் கொடியது அதற்குள் ஒளிந்திருக்கும் தீட்டு. தனிப் பாய், தனித் தட்டு, ஊறுகாய் ஜாடியைத் தொடாதே, யாஸீன் ஓதுகிற அறைக்குள் வராதே, தஸ்பீஹ் மணியை எடுக்காதே. இவற்றில் ஒன்றுக்காவது நபிவழியில் ஆதாரம் காட்ட முடியுமா? ஆயிஷா விலக்கோடு இருந்தபோது அவர் மடியில் சாய்ந்துகொண்டு நபிகள் நாயகம் குர்ஆன் ஓதியிருக்கிறார்கள். அவர் குடித்த பாத்திரத்தை வாங்கி, அவர் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்திருக்கிறார்கள். பள்ளியிலிருந்து விரிப்பை எடுத்துத் தரச் சொன்னபோது ஆயிஷா தயங்கினார். விலக்கு உன் கையில் இல்லையே என்ற பொருளில் பதில் வந்தது. பெருநாள் திடலுக்கு விலக்குள்ள பெண்களும் வர வேண்டும், தொழும் இடத்திலிருந்து சற்று விலகி நின்று துஆவில் கலந்துகொள்ள வேண்டும் என்று கட்டளையிட்டதை உம்மு அதிய்யா அறிவிக்கிறார். புகாரியும் முஸ்லிமும் பக்கம் பக்கமாக இவற்றைப் பதிந்துவைத்திருக்க, நம் வீடுகளில் பெருநாளன்று ஒருத்தி மட்டும் அடுப்படியில் நிற்கிறாள்.

தொழுகையும் நோன்பும் தவாஃபும் அந்த நாள்களில் இல்லை, தாம்பத்தியம் கிடையாது. முஸ்ஹஃபைத் தொடுவது பற்றியும் பள்ளிக்குள் தங்குவது பற்றியும் நான்கு மத்ஹபுகளும் கட்டுப்பாடு சொல்கின்றன. அதை மறைக்க வேண்டியதில்லை. திக்ரும் துஆவும் ஸலவாத்தும் எந்த மத்ஹபிலும் தடுக்கப்படவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது.

தீட்டு என்ற பயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இடுக்கிக் காடே காட்டியிருக்கிறது. மூணாறுக்கு அப்பால் இடமலைக்குடி. 2010இல் அமைந்த, கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. அங்கே வாழும் முதுவான் மக்களிடம் விலக்கு நாள்களில் பெண்கள் தனிக் குடிலில் தங்கும் வழக்கம் உண்டு. அந்த ஒதுக்கத்துக்கு அஞ்சிய பெண்கள் கருத்தடை மாத்திரைகளைத் தொடர்ச்சியாக விழுங்கிவந்ததைப் பத்திரிகைகள் எழுதியிருக்கின்றன. அவர்களுடைய நம்பிக்கை வேறு, நம்முடையது வேறு. ஆனால் ரமழான் நெருங்கும்போது விலக்கைத் தள்ளிப்போட மருந்துக் கடையில் மாத்திரை கேட்கும் நம் வீட்டுப் பெண்ணைத் துரத்துவது வேறு பயமா? உடலுக்குக் கேடில்லை என்றால் அதை அனுமதித்த அறிஞர்கள் உண்டு. மருத்துவரைப் பாராமல், முப்பது நோன்பையும் பிடித்துவிட்டேன் என்று காட்டுவதற்காக விழுங்கும்போது அந்த நிபந்தனை எங்கே போகிறது?

நாள் எண்ணுவதால் உடம்புக்கும் லாபம் இருக்கிறது. ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் தமக்கு உதிரம் நிற்பதே இல்லை என்று வந்து நேருக்கு நேர் கேட்டார். அது விலக்கு அல்ல, ஒரு நரம்பிலிருந்து வருவது என்று அவருக்கு விளக்கப்பட்டது. விலக்கு வேறு, நோய் வேறு என்று பிரித்துப் பார்க்கப் பழகிய சமூகம் எட்டு நாளைத் தாண்டும் போக்கைக் கண்டால் மருத்துவரிடம் ஓட வேண்டாமா? 2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் தமிழ்நாட்டில் 53.4 சதவீதம், கேரளத்தில் 36.3 சதவீதம். காலை ஜீப்பில் மலையேறி ஏலக்காட்டில் நாள் முழுக்க நிற்கிற பெண்ணுக்கு, பன்னிரண்டு நாள் போகிற உதிரம் தலையெழுத்து என்று சொல்லப்படுகிறது.

இதில் பள்ளிவாசல்களின் மௌனமும் சேர்த்தி. ஜும்ஆ பயானில் வட்டி வரும், வரதட்சணை வரும், ஹைளு வராது. கிதாபில் அந்தப் பாடத்தை ஓதித் தேர்ந்த ஹஜ்ரத்மார்களும் மிம்பரில் அதைத் தாண்டிப் போகிறார்கள். வெட்கம் என்கிறார்கள். மார்க்கத்தை விளங்கிக்கொள்ள வெட்கம் தடையாக இருக்கவில்லை என்று அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா பாராட்டியிருக்கிறார். ஒவ்வொரு மஹல்லாவிலும் வயதுக்கு வரும் முன்பே பெண் பிள்ளைகளுக்கு ஓர் ஆலிமாவைக் கொண்டு இதைச் சொல்லிக்கொடுப்பதற்குத் தேவை ஓர் அறையும் ஒரு மணி நேரமும்தான். அவளுடைய மத்ஹபு எது, அதன்படி குறைந்த நாள், கூடிய நாள் எது, எந்த நேரத்தில் சுத்தமானால் எந்தத் தொழுகை கடமை என்பதை அங்கே அவள் எழுதிக்கொள்ளட்டும். தேதிகளைக் குறித்துவைக்க ஒரு நோட்டும் கொடுங்கள்.

ரமழானில் கதவைச் சாத்திக்கொண்டு, தம்பிக்கும் அத்தாவுக்கும் தெரியாமல் ஆறிப்போன இட்லியை விழுங்க வேண்டிய நிலையும் நிற்க வேண்டும். அன்னை ஆயிஷாவுக்கே ரமழானில் நோன்பு விடுபட்டது. அவற்றை அடுத்த ஷஃபானில்தான் பிடிக்க முடிந்தது என்று அவரே வாய்விட்டுச் சொன்னார். அந்தச் சொல்லை ஆண்களும் கேட்டுப் பதிந்துவைத்தார்கள்.