கூகிள் முதல் பக்கமும் கொஞ்சம் நாணயமும்

"ஒரே மாதத்தில் கூகிள் முதல் பக்கம். கியாரண்டி!"

வலைத்தளம் வைத்திருக்கும் எந்த வியாபாரிக்கும் இப்படி ஒரு மின்னஞ்சல் வராமல் இருக்காது. ராயபுரத்தில் க்ளியரிங் ஏஜென்ட், திருவொற்றியூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர், எண்ணூரில் கன்டெய்னர் லாரி விடுபவர், யாராக இருந்தாலும் சரி. தளம் தொடங்கிய சில நாளில் இந்த கியாரண்டி வந்து கதவைத் தட்டும். சில ஆயிரம் கொடுத்தால் போதுமாம். எங்கெங்கோ உள்ள தளங்களிலிருந்து நூற்றுக்கணக்கில் சுட்டிகள் வாங்கித் தருவார்களாம். தேடுபொறியும் ஏமாந்துபோய் தளத்தைத் தூக்கி மேலே வைத்துவிடுமாம்.

அந்தப் பணம் வீண் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி. தேடுபொறியில் கிடைக்கும் இடம் நம்பிக்கையின் நிழல். நிழலைப் பிடித்து இழுத்தால் ஆள் நகர மாட்டான்.

முதலில் கூகிள் எப்படி வரிசைப்படுத்துகிறது என்று பார்க்க வேண்டும். 1998ல் அது தொடங்கியபோது அடிப்படை யோசனை ரொம்ப எளிமையானது. ஒரு தளம் இன்னொரு தளத்துக்குச் சுட்டி கொடுத்தால் அது ஒரு சிபாரிசு. மதிப்புள்ள தளம் செய்யும் சிபாரிசுக்கு மதிப்பு அதிகம். மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கிறார்களே, கிட்டத்தட்ட அதே முறைதான்.

சிபாரிசுக்கு மதிப்பு வந்தால் என்ன ஆகும்? சிபாரிசு விற்பனைக்கு வரும். வந்தது. அமெரிக்காவின் ஜே.சி.பென்னி என்ற பெரிய கடைக்காக ஆயிரக்கணக்கான தளங்களில் சுட்டிகள் வைக்கப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியே கொண்டுவந்தது. கூகிள் உடனே அந்தக் கடையைப் பல தேடல்களில் கீழே இறக்கிவிட்டது. அடுத்த வருடம், 2012 ஏப்ரலில், 'பெங்குவின்' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து போலிச் சுட்டிகளால் ஏறிய தளங்களை மொத்தமாகச் சரித்தது. அவ்வளவு பெரிய கடைக்கே இந்தக் கதி என்றால் திருவொற்றியூர் லேத் பட்டறை எம்மாத்திரம்?

கூகிள் தன் தேடல் முடிவுகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்க்க ஆட்களை வைத்து மதிப்பெண் போடச் சொல்கிறது. அந்த மதிப்பெண் எந்தத் தளத்தையும் நேரடியாக ஏற்றுவதோ இறக்குவதோ இல்லை. ஆனால் கூகிளுக்கு என்ன வேண்டும் என்பது அவர்களுக்கான கையேட்டில் தெளிவாகவே இருக்கிறது. நிபுணத்துவம், மதிப்பு, நம்பகம் என்று இருந்த பட்டியலில் 2022 டிசம்பரில் அனுபவமும் சேர்ந்தது. நாலிலும் முக்கியம் நம்பகம்தான் என்று அந்தக் கையேடே சொல்கிறது. பணம், உடல்நலம் சம்பந்தப்பட்ட பக்கங்களுக்கு இன்னும் கறாரான அளவுகோல்.

சரி, நம்பிக்கையை மட்டும் வைத்து இணையத்தில் வியாபாரம் செய்ய முடியுமா? உதாரணம் தேடி அமெரிக்கா போக வேண்டாம். ராயபுரமே போதும்.

பாரத்மேட்ரிமோனி நிறுவனர் முருகவேல் ஜானகிராமன் ராயபுரத்தில் வளர்ந்தவர். அவருடைய அப்பா துறைமுகத் தொழிலாளி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.சி.ஏ. முடித்து அமெரிக்காவில் வேலைக்குப் போனவர், 1997ல் அங்கிருந்த தமிழர்களுக்காக ஒரு தளம் தொடங்கினார். அதில் வரன் பார்க்கும் பகுதிக்குக் கிடைத்த வரவேற்புதான் பிறகு தனி நிறுவனமானது. அவருக்கே அதன் மூலம்தான் பெண் அமைந்தது! 2017ல் அந்த நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது.

கல்யாணத்தைவிட நம்பிக்கை அதிகம் தேவைப்படும் சமாச்சாரம் உண்டா? பெண்ணின் போட்டோவை முகம் தெரியாத தளத்தில் ஏற்ற எந்தக் குடும்பம்தான் சட்டென்று சம்மதிக்கும்? அதனால்தான் போன் நம்பரைச் சரிபார்ப்பது, ஊர் ஊராக அலுவலகம் திறப்பது என்றெல்லாம் செலவு செய்ய வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் தெரியாத பெற்றோர் நேரில் போய் ஒரு ஆளைப் பார்த்துப் பேச முடிந்தது. வரன் தளங்கள் பயனர்களின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும், புகார் கேட்க அதிகாரி வைக்க வேண்டும் என்று மத்திய அரசே 2016ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. இவையெல்லாம் வரிசையில் ஏறச் செய்த வேலைகள் அல்ல. ஆனால் ஜனங்கள் பெயரையே டைப் செய்து தேடும் நிலைக்கு ஒரு தளத்தைக் கொண்டுபோவது இவைதான்.

இந்தக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பெயர் பிரபலமானதும் அந்தப் பெயரைத் தேடுபவர்களுக்குப் போட்டித் தளங்களின் விளம்பரம் தெரிய ஆரம்பித்தது. அப்போது கான்சிம் இன்ஃபோ என்ற பெயரில் இருந்த நிறுவனம், கூகிள் மீதும் போட்டியாளர்கள் மீதும் 2009ல் சென்னை உயர்நீதிமன்றம் போனது. 'பாரத்', 'மேட்ரிமோனி' போன்றவை தொழிலை விவரிக்கும் பொதுச்சொற்கள் என்ற பார்வையில், 2010 செப்டம்பரில் தனி நீதிபதி இடைக்காலத் தடை தர மறுத்துவிட்டார். 2012ல் இந்தியப் போட்டி ஆணையத்திடமும் புகார் போனது. 2018 பிப்ரவரியில் தேடல் முடிவுகளில் பாரபட்சம் காட்டியதற்காக கூகிளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்த ஆணையம், விளம்பரச் சொற்கள் பற்றிய புகாரை மட்டும் ஏற்கவில்லை. கூகிள் அதை எதிர்த்து மேல்முறையீடு போனது. 2024 மார்ச்சில் கட்டணத் தகராறில் இந்த நிறுவனத்தின் செயலிகளையே ப்ளே ஸ்டோரிலிருந்து கூகிள் நீக்கி, அரசு தலையிட்ட பிறகு சில நாளில் திரும்பச் சேர்த்தது.

இதிலிருந்து தெரிவது என்ன? பாதை கூகிளுடையது. சுங்கச்சாவடியும் அதனுடையது. சொந்தமாக இருக்கக்கூடியது பெயர் ஒன்றுதான்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. நற்பெயர் என்ற பாடத்தில் 1810ஆம் வருடத்து இங்கிலாந்துத் தீர்ப்பு ஒன்று வரும். பழைய வாடிக்கையாளர் பழைய கடைக்கே திரும்பி வருவதற்கான வாய்ப்புதான் நற்பெயர் என்று எல்டன் பிரபு அதில் சொன்னார். கணக்கியல் தரநிலை 26 இன்னொன்று சொல்கிறது. விலை கொடுத்து வாங்கிய நற்பெயரைத்தான் இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாகக் காட்டலாம், தானாக வளர்த்ததைக் காட்டக் கூடாது. தேடுபொறி இதற்கு நேர் எதிர். வளர்த்ததற்கு மதிப்பு, வாங்கியதற்கு தண்டனை! 1946ல் திருவொற்றியூரில் ஒரு சின்ன ஷெட்டில் பொம்மை பலூன் செய்து தொடங்கிய எம்.ஆர்.எஃப். இன்று எந்தச் சுட்டி வியாபாரியையும் நம்பி இல்லை. அந்தப் பெயரைத்தான் ஜனங்கள் தேடுகிறார்கள்.

'அதெல்லாம் பெரிய கம்பெனிக்கு, சின்னக் கடைக்கு நம்பிக்கை வளர வருஷக்கணக்காகுமே' என்று கேட்கலாம். ஆகும்தான். ஆனால் தொடங்குவதற்குப் பெரிய செலவு கிடையாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2002ல் தளங்களின் நம்பகத்துக்குப் பத்து வழிமுறைகள் வெளியிட்டது. சொன்னதைச் சரிபார்க்க வசதி செய், நிஜமான நிறுவனம் என்று காட்டு, தொடர்புகொள்ள வழி கொடு, சின்னப் பிழைகளையும் தவிர் என்ற ரீதியில் போகும். இன்றும் ஒன்றுகூடப் பழசாகவில்லை.

வடசென்னைக் கணக்கில் சொன்னால் இப்படி. தெருப் பெயரோடு முழு முகவரி வேண்டும். எடுத்துப் பேச ஆள் இருக்கும் போன் நம்பர் வேண்டும். 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டால் யார் வேண்டுமானாலும் அரசுத் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். க்ளியரிங் ஏஜென்ட் என்றால் சுங்கத்துறை உரிம எண். பட்டறை என்றால் அங்கேயே செய்த வேலையின் போட்டோ, இணையத்தில் சுட்ட படம் அல்ல. காசு கொடுத்து விமர்சனம் எழுதி வாங்கக் கூடாது. ஆன்லைன் விமர்சனங்களுக்கென்றே 2022ல் இந்தியத் தரநிலை வந்தாகிவிட்டது. அவசரமாக வாடிக்கையாளர் வேண்டுமென்றால் விளம்பரம் என்று தெரியும்படி விளம்பரம் கொடுக்கலாம், அதில் தப்பில்லை.

இதைச் செய்யாவிட்டால் நஷ்டம் அந்த வியாபாரிக்கு மட்டும் அல்ல. கப்பல் வேலைக்குப் போக ஆசைப்படும் ஒரு பையன் போனில் தேடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். இந்தியாவில் கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சி, கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் உள்ளவர்களின் பட்டியலும் அந்த இயக்ககத்தின் தளத்தில் கிடைக்கிறது. ஆனால் உரிமம் உள்ள ஏஜென்சியின் தளத்தில் எண்ணும் இல்லை, முகவரியும் அரைகுறை என்றால், பளபளவென்று இருக்கும் போலித் தளத்துக்கும் அதற்கும் அந்தப் பையன் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பான்? அம்மாவின் நகையை அடகு வைத்துப் பணம் கட்டிய பிறகுதான் தெரியவரும். நாணயமானவர்கள் தங்கள் நாணயத்தை வெளியே காட்டாமல் இருந்தால், காலியான அந்த இடத்தில் போலி வந்து உட்காரும்.

தமிழில் நாணயம் என்றால் காசு, நாணயம் என்றால் நேர்மையும்கூட. முதல் வகையைக் கொடுத்து முதல் பக்கத்தை வாங்கித் தருவதாகச் சொல்லும் மின்னஞ்சலை அழித்துவிட்டு, உரிம எண்ணையும் முகவரியையும் இன்றைக்கே தளத்தில் ஏற்றுவது நல்லது. அரை மணி நேர வேலைதான்.