பழைய டிஎஸ்எல்ஆரா, குட்டி மிரர்லெஸ்ஸா? கடன் வாங்கி கேமரா எடுக்கும் முன் ஒரு நிமிஷம்!

"மாமா, முத்ராவுல 50 ஆயிரம் வரைக்கும் தர்றாங்களாம். ஒரு மிரர்லெஸ் எடுத்துடலாம்னு இருக்கேன். என்ன சொல்றீங்க?"

பாலக்கோட்டிலிருந்து அக்கா மகன் போனில் கேட்டான். தருமபுரியில் ஒரு ஸ்டூடியோவில் இரண்டு வருஷம் லைட் பிடித்தவன். இப்போது சொந்தமாக வேலை எடுக்க ஆசை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு என்று இரண்டு மூன்று வீடுகளில் விசாரித்தும் விட்டார்கள். அவன் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தெரிந்த சீனியர் ஒருவர் விற்கும் நிக்கான் டி7200. 18-140 லென்ஸுடன் 36 ஆயிரம் கேட்கிறார். இன்னொன்று, கடையில் பளபளவென்று இருக்கும் சோனி இசட்வி-ஈ10. கிட் லென்ஸுடன் 60 ஆயிரத்தைத் தாண்டுகிறது. கடன் போக மீதிக்கு இஎம்ஐ.

இந்தக் கேள்வி அவன் ஒருவனுடையது அல்ல. முத்ரா திட்டத்தில் 'சிசு' பிரிவுக்கு உச்சவரம்பு 50,000 ரூபாய். தொழில் தொடங்கும் பிள்ளைகள் பலரின் பட்ஜெட்டும் அதைச் சுற்றித்தான் நிற்கிறது. யூடியூபைத் திறந்தால், 'டிஎஸ்எல்ஆர் செத்துப்போச்சு, மிரர்லெஸ்தான் எதிர்காலம்' என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். எதிர்காலம் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த மாதத் தவணையை எதிர்காலமா வந்து கட்டப்போகிறது?

கண்ணாடி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

டிஎஸ்எல்ஆருக்குள் சென்சாருக்கு முன்னால் ஒரு கண்ணாடி சாய்ந்து நிற்கும். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை அது மேலே திருப்பி, நம் கண்ணுக்கு அனுப்பும். பட்டனை அழுத்தினால் கண்ணாடி மேலே தூக்கிக்கொள்ளும், சென்சாரில் வெளிச்சம் விழும். 'டக்' என்ற அந்தச் சத்தத்தில் பாதி இந்தக் கண்ணாடியுடையது. மிரர்லெஸ்ஸில் கண்ணாடி கிடையாது. வெளிச்சம் நேராக சென்சாரில் விழுகிறது, சென்சார் பார்ப்பதைத் திரையில் நாம் பார்க்கிறோம். கண்ணாடிக்கான இடம் மிச்சமாவதால் உடம்பு சின்னதாகிறது. நிக்கானின் பழைய எஃப் மவுன்ட்டில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடைவெளி 46.5 மில்லிமீட்டர், புதிய இசட் மவுன்ட்டில் வெறும் 16.

எடையிலும் இது தெரியும். டி7200 பேட்டரி, கார்டுடன் 765 கிராம். அந்த 18-140 லென்ஸ் மாட்டினால் ஒன்றேகால் கிலோ. இசட்வி-ஈ10 கிட் லென்ஸோடு சேர்த்தும் அரைக்கிலோவைத் தொடாது. அரூரில் பஸ் ஏறி பென்னாகரம் போய் வேலை பார்க்கிறவன் தோளுக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

இனி பலர் கவனிக்காத விஷயம். டி7200 வந்தது 2015-ல், இசட்வி-ஈ10 வந்தது 2021-ல். இரண்டிலும் இருப்பது ஏபிஎஸ்-சி அளவு சென்சார். இரண்டிலும் 24.2 மெகாபிக்சல். நல்ல வெளிச்சத்தில் எடுத்து ஆல்பத்தில் போட்டால், எது எதில் எடுத்தது என்று கல்யாண வீட்டார் கண்டுபிடிக்க முடியாது. நானும் சிரமப்படுவேன். ஆறு வருஷத்தில் மாறியது போகஸும் வீடியோவும். அது பெரிய மாற்றம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். டி7200-ல் 51 போகஸ் புள்ளிகள். பெரும்பாலும் படச்சட்டத்தின் நடுப்பகுதியில் குவிந்திருக்கும். மிரர்லெஸ் ஏறக்குறைய சட்டம் முழுக்கத் தேடும். ஆளின் கண்ணைக் கண்டுபிடித்து விடாமல் பிடித்துக்கொள்ளும். ஓடியாடும் குழந்தையை எடுத்துப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

நாலரை மணி முகூர்த்தம்

ஆனால் நம்ம ஊர் வேலையை நினைத்துப் பாருங்கள். முகூர்த்தம் விடியலுக்கு முன்னால். மண்டபத்தில் ட்யூப்லைட், மேடையில் கலர் எல்இடி, ஓமப் புகை. இல்லையென்றால் கோயில் கல்யாணம்: தீர்த்தமலையோ அதியமான்கோட்டையோ, கருங்கல் மண்டபத்துக்குள் வெளிச்சம் எட்டிப் பார்க்காத இடம்.

இங்கே உங்களைக் காப்பாற்றுவது பாடி இல்லை, லென்ஸும் பிளாஷும்தான். கிட் லென்ஸை 50 மில்லிமீட்டருக்கு ஜூம் செய்தால் எஃப்/5.6 தான் கிடைக்கும். சாதாரண 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 லென்ஸ் அதைவிட 9 மடங்குக்கும் அதிகமாக வெளிச்சத்தை உள்ளே விடும். எந்தப் புதிய பாடியும் இந்த 9 மடங்கை சும்மா தந்துவிடாது. 60 ஆயிரத்தையும் பாடிக்கும் கிட் லென்ஸுக்கும் கொட்டிவிட்டால் இந்த லென்ஸுக்குக் காசு எங்கே? பழைய டிஎஸ்எல்ஆர் பக்கம் போனால் கணக்கு வேறு. 36 ஆயிரத்துக்குக் கேமரா, செகண்ட் ஹேண்டில் ஒரு 50 எம்எம், ஒரு பழைய பிளாஷ் - எல்லாம் சேர்த்தும் 50 ஆயிரத்துக்குள் அடங்கிவிடும் என்று மருமகனுக்குப் பேப்பரில் எழுதிக் காட்டினேன்.

பிளாஷ் விஷயத்தில் ஒரு சங்கதி கடைக்காரர்களே பல நேரம் சொல்வதில்லை. கேமராவின் தலையில் பிளாஷ் மாட்டும் இடத்தின் நடுவில் ஒரு பெரிய உலோகப் புள்ளி இருக்கும். அதுதான் எல்லாக் கம்பெனி பிளாஷையும் அடிக்க வைக்கும் தொடர்பு. கேனான் சில குறைந்த விலை மாடல்களில் அதை எடுத்துவிட்டது. 200டி மார்க் 2, 3000டி இரண்டும் அப்படித்தான். சாதாரண வேறு கம்பெனி பிளாஷையோ ட்ரிக்கரையோ மாட்டினால் சும்மா உட்கார்ந்திருக்கும். மிரர்லெஸ்ஸில் ஆர்50-க்குப் பழைய பிளாஷ் மாட்டவே தனி அடாப்டர் வேண்டும். இதைத் தெரியாமல் வாங்கி, முதல் கல்யாணத்தன்று மேடையில் கண்டுபிடித்தால் எப்படி இருக்கும்? கடையில் கேமராவைக் கையில் எடுத்ததும் லென்ஸைப் பார்க்கும் முன் அந்தப் புள்ளியைப் பாருங்கள்.

இரண்டாவது, கார்டு. டி7200-ல் இரண்டு எஸ்டி கார்டு போடலாம், ஒரே படம் இரண்டிலும் பதிவாகும். சின்ன மிரர்லெஸ்களில் பொதுவாக ஒரே ஒரு இடம்தான். கார்டு எப்போதாவதுதான் கெடும். ஆனால் தாலி கட்டுவதை 'இன்னொரு தடவை கட்டுங்க' என்று கேட்க முடியாதே!

மூன்றாவது, பேட்டரி. டி7200-க்கு நிர்ணய அளவுப்படி ஒரு சார்ஜில் 1,110 படம், இசட்வி-ஈ10-க்கு 440. சென்சாரும் திரையும் எந்நேரமும் விழித்திருந்தால் கரண்ட் தின்னத்தான் செய்யும். மிரர்லெஸ் வாங்குகிறவர்கள் கூடவே இரண்டு பேட்டரி விலையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒகேனக்கல். தருமபுரியிலிருந்து 46 கிலோமீட்டர்தான் என்பதால், கல்யாணத்துக்கு அப்புறம் ஜோடியை அங்கே கூட்டிப்போய்ப் படம் எடுக்கச் சொல்கிறார்கள். உச்சிவெயில், பாறையும் தண்ணீரும் சேர்ந்து கண்ணைக் கூசும். இசட்வி-ஈ10-லும் நிக்கான் இசட்30-லும் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரே கிடையாது. பின்பக்கத் திரை ஒன்றுதான் வழி. அந்த வெயிலில் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். சின்ன மிரர்லெஸ்தான் என்று முடிவெடுத்தால் வியூஃபைண்டர் உள்ள ஆர்50, இசட்50 மாதிரி மாடலாகப் பாருங்கள். பரிசலில் லென்ஸ் மாற்றும் சாகசம் மட்டும் வேண்டாம், எந்தக் கேமராவாக இருந்தாலும்.

'அதான் டிஎஸ்எல்ஆரை நிறுத்திட்டாங்களே?'

மருமகன் கேட்ட அடுத்த கேள்வி இது. நியாயமான கேள்வி. 2020-ல் வந்த 1டி எக்ஸ் மார்க் 3 தான் தங்களின் கடைசி உச்ச டிஎஸ்எல்ஆர் என்று கேனான் தலைவர் 2021-ல் ஜப்பானியப் பத்திரிகையிடம் சொல்லிவிட்டார். சோனி அதே 2021-ல் தன் பழைய ஏ-மவுன்ட்டைச் சத்தமில்லாமல் மூடியது. நிக்கானும் 2020-க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் கொண்டுவரவில்லை. பென்டாக்ஸ் மட்டும் பிடிவாதமாக நிற்கிறது.

பெரிய ஸ்டூடியோக்காரர்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாறி, பழையதை விற்கிறார்கள். வாங்குகிறவனுக்கு இது நல்ல காலம். ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் விற்ற கேனான் 5டி மார்க் 3 எல்லாம் இன்று சாமானியன் கைக்கு எட்டுகிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு: மூன்று வருஷம் கழித்து நீங்கள் விற்கப்போனால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. சம்பாதித்துக் கழித்துவிட வேண்டிய பொருள் என்று நினைத்து வாங்குங்கள், சொத்து என்று நினைக்காதீர்கள்.

லென்ஸ் மட்டும் சொத்தாக நிற்கலாம், தேர்ந்தெடுத்து வாங்கினால். கேனானின் பழைய இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் போட்டால் புதிய ஆர் கேமராக்களில் ஆட்டோபோகஸோடு வேலை செய்யும். நிக்கானில் பார்த்து வாங்க வேண்டும். மோட்டார் உள்ளேயே இருக்கும் ஏஎஃப்-எஸ் லென்ஸ் என்றால், நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரோடு இசட் கேமராவுக்கு வந்துவிடும். மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸுக்கு அங்கே கையால்தான் போகஸ் பண்ண வேண்டும். டி3500, டி5600 போன்ற சின்ன நிக்கான்களிலும் அதே கதைதான். பாடியில் மோட்டார் கிடையாது. டி7200-ல் உண்டு.

கையில் வாங்கிப் பார்க்கும்போது

செகண்ட் ஹேண்டு என்றாலே பயம் வரும். பயப்பட வேண்டியதுதான். நானே ஒருமுறை பளபளப்பைப் பார்த்து ஒரு லென்ஸ் வாங்கி, வீட்டுக்கு வந்து பூஞ்சையோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். செல்போன் டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடலோர ஊர்களில் இருந்து வரும் லென்ஸ்களை இன்னும் நன்றாகப் பாருங்கள், ஈரக்காற்று பூஞ்சைக்குப் பிடிக்கும். நம்ம ஊரில் ஈரத்தைவிடச் செம்மண் புழுதிதான் தொல்லை. வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எஃப்/16-ல் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். கறுப்புப் பொட்டு தெரிந்தால் சென்சாரில் தூசி. அது சுத்தம் செய்தால் போகும், விலையைக் குறைக்கக் காரணமும் கிடைக்கும்.

ஷட்டர் கணக்கு முக்கியம். டி7200-ன் ஷட்டர் 1,50,000 தடவைக்குச் சோதிக்கப்பட்டது. நிக்கான் படக் கோப்பிலேயே எத்தனையாவது படம் என்ற எண் பதிந்திருக்கும். ஒரு படம் எடுத்து, இலவச இணையதளம் ஒன்றில் ஏற்றினால் சொல்லிவிடும். கேனானில் பெரும்பாலான மாடல்களுக்குத் தனி மென்பொருள் வேண்டும். 60,000 ஓடியிருந்தால் மிச்சம் 90,000. ஒரு விசேஷத்துக்கு 1,500 கிளிக் என்றால் 60 விசேஷம். அந்த எண்ணைத் தொட்டதும் ஷட்டர் நின்றுவிடாது. தாண்டியும் ஓடும், முன்னாலேயே போகவும் போகலாம். ஆனால் கையில் ஒரு கணக்கு வந்துவிட்டது இல்லையா? போனால் ரிப்பேருக்கு சேலமோ பெங்களூருவோ ஓட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெனுவில் 'பேட்டரி இன்ஃபோ' என்று ஒன்று உண்டு. பேட்டரியின் வயதை 0 முதல் 4 வரை காட்டும். 4 என்றால் புதுப் பேட்டரிக் காசைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். ஒரிஜினல் பில் கேளுங்கள், அதிலுள்ள சீரியல் எண்ணைப் பாடியோடு ஒத்துப் பாருங்கள். திருட்டுப் பொருள் கைக்கு வந்தால் கேமராவும் போகும், காசும் போகும்.

அப்படியானால் மிரர்லெஸ் யாருக்கு? வீடியோதான் பிழைப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம், அதுதான். டி7200-ல் வீடியோ போகஸ் முன்னும் பின்னும் தடுமாறும்; 4கே கிடையாது. ரீல்ஸ் எடுப்பவர்கள், ஊர் ஊராகப் போய்ச் சமையலோ கோயிலோ வீடியோ போடுகிறவர்கள், கழுத்து வலி உள்ளவர்கள் பழைய டிஎஸ்எல்ஆரை வாங்கி அவதிப்படாதீர்கள். வத்தல்மலை, பென்னாகரம் காட்டோரம் பறவை படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் மறுபடி டிஎஸ்எல்ஆர் பக்கம்தான் வர வேண்டியிருக்கும். பாடிக்காக அல்ல, நீண்ட பழைய லென்ஸ்கள் மலிவு என்பதற்காக.

"இன்னொண்ணு மாமா, சின்ன கேமராவை எடுத்துட்டுப் போனா அட்வான்ஸ் கம்மியாத்தான் குடுப்பாங்க" என்றான். சிரித்தேன், ஆனால் பொய்யில்லை. பந்தியில் பெரிய லென்ஸுக்கு வழிவிடும் கூட்டம், குட்டிக் கேமராவை இடித்துக்கொண்டு போகும்.

டி7200-ஐத்தான் எடுத்தான். சீனியர் 34 ஆயிரத்துக்கு இறங்கி வந்தார், ஷட்டர் 71 ஆயிரம். கடனை 50-க்குப் போகாமல் 40-ல் நிறுத்திக்கொண்டான். 50 எம்எம் வாங்கியாயிற்று, பிளாஷ் அடுத்த மாதம். போன வாரம் காரிமங்கலம் பக்கம் ஒரு வளைகாப்பு. பெண் வீட்டில் ரீல்ஸும் கேட்டார்கள். மிரர்லெஸ் ஒன்றை ஒருநாள் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனான். வாடகையை பில்லில் தனியாகப் போட்டானா என்று கேட்டேன். மறந்துவிட்டானாம்.