இரண்டு குதிரைகள், ஒரு கேள்வி

பழுப்பேறிய பட்டுத் துணியில் இரண்டு குதிரைகள். ஒன்று கொழுகொழுவென்றிருக்கிறது. உடம்பெல்லாம் புள்ளிகள். தலையைத் தூக்கிக்கொண்டு, தலைக்கயிறு தரையில் புரள, மிடுக்காக நடக்கிறது. மற்றொன்று செம்பழுப்பு நிறம். அதன் விலா எலும்புகளை எண்ணிவிடலாம். தலை தொங்கிக் கிடக்கிறது. பின்னணியில் மரமில்லை, மலையில்லை, லாயமில்லை. பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்திலுள்ள இந்தச் சுருள் ஓவியம் 28.8 செ.மீ. உயரமும் 142.7 செ.மீ. நீளமும் கொண்டது. வரைந்த ரென் ரென்ஃபா (1254-1327) தொழில்முறை ஓவியரல்ல. ஆறுகளைத் தூர் வாருவதும் கரை கட்டுவதும் அவரது உத்தியோகம்.

சீன ஓவியத்தில் குதிரை வெறும் குதிரையாக இருந்தது குறைவு. மு என்ற மன்னரை மேற்கே குன்லுன் மலைவரை இழுத்துச் சென்ற எட்டுக் குதிரைகளின் கதை சீனக் குழந்தைகளுக்குத் தெரியும். ரத்தம் வியர்க்கும் 'தேவலோகக் குதிரை'களுக்காக ஹான் பேரரசர் வூ, கி.மு. 104-இல் மத்திய ஆசியாவின் ஃபெர்கானாமீது படையே அனுப்பினார். ஆனால் படித்தவர்களின் மனதைத் தொட்டது போ லேயின் கதை. இவர் குதிரைகளின் தரமறிந்தவர். மலைப்பாதையில் உப்பு வண்டியை இழுக்க முடியாமல் திணறும் ஒரு கிழக் குதிரையைப் பார்க்கிறார். நாளொன்றுக்கு ஆயிரம் 'லி' ஓடக்கூடிய பிறவி அது என்று அவருக்குப் புரிகிறது. வண்டியிலிருந்து இறங்கி அதைக் கட்டிக்கொண்டு அழுகிறார். குதிரையும் தலை நிமிர்ந்து கனைக்கிறது.

வேலை கிடைக்காத, பதவி உயர்வு மறுக்கப்பட்ட ஒவ்வொரு சீனப் பண்டிதரும் தன்னை அந்த உப்பு வண்டிக் குதிரையாகவே நினைத்துக்கொண்டார். என்னை அடையாளம் காண ஒரு போ லே இல்லையே என்ற புலம்பல் நூற்றாண்டுகளாகத் தொடர்ந்தது. (போ லேயின் மகனைப் பற்றியும் ஒரு கதை உண்டு. அப்பா எழுதிய குதிரை லட்சண நூலைக் கையில் வைத்துக்கொண்டு தேடிய அந்தப் பிள்ளை, நெற்றியும் கண்ணும் பொருந்துகின்றன, குளம்பு மட்டும் சரியில்லை என்று சொல்லி ஒரு தேரையைப் பிடித்துவந்தானாம்.)

ரென்ஃபாவின் காலத்தில் இந்தப் புலம்பலுக்குக் காரணம் அதிகம். 1279-இல் தெற்கு சோங் ஆட்சி மங்கோலியர்களிடம் வீழ்ந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்து. உயர் பதவிகள் பெரும்பாலும் மங்கோலியர்களுக்கும் மத்திய ஆசியர்களுக்கும் போயின. அரசுப் பணிக்கான தேர்வுகள் 1315-இல்தான் மீண்டும் நடந்தன. அந்நியனிடம் வேலை பார்ப்பதா, பட்டினி கிடப்பதா என்று படித்தவர்கள் பிரிந்தனர். பழைய ஆட்சியில் சிறிய அதிகாரியாக இருந்த கோங் காய் வேலை பார்க்க மறுத்தார். வீட்டில் மேஜைகூட இல்லாததால் மகனை மண்டியிடச் செய்து, அவன் முதுகின்மேல் காகிதத்தை விரித்து வரைந்தார் என்று சொல்வார்கள். பதினைந்து விலா எலும்புகளும் தெரிய அவர் வரைந்த எலும்புக் குதிரை இன்று ஜப்பானில் ஒசாகாவில் இருக்கிறது. சோங் அரச குடும்பத்தில் பிறந்த ஜாவ் மெங்ஃபு, குப்ளாய் கானிடம் பதவி ஏற்றுப் பழியும் சுமந்தார். அவரும் குதிரைகளை வரைந்தார்.

ரென்ஃபாவும் வேலைக்குப் போனார். பிற்காலத்தில் ஷாங்காய் வளர்ந்த பகுதியில் ஊசோங் ஆற்றை ஆழப்படுத்தினார். நீர்ப்பணிகள் பற்றி நூல் எழுதினார். அலுவலக வேலைக்கு நடுவே கிடைத்த ஓய்வில் இந்த இரண்டு குதிரைகளை வரைந்ததாகச் சுருளின் முடிவில் அவரே எழுதியிருக்கிறார்.

சுருள் ஓவியத்தை வலமிருந்து இடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆக, குதிரைகளை ரசித்து முடித்த பிறகே அந்த எழுத்து கண்ணில் படும். கொழுத்த குதிரைக்குத் தீனி உண்டு, ஆனால் குறுகலான பாதையில் இடறி விழும் ஆபத்தும் உண்டு. மெலிந்தது ஒதுக்கப்பட்டது, ஆனால் விடிந்தால் ஓடவேண்டிய பாடு அதற்கில்லை என்று நிதானமாகத்தான் தொடங்குகிறார். பிறகு பேச்சு அதிகாரிகளிடம் திரும்புகிறது. தான் மெலிந்து நாட்டைக் கொழுக்க வைப்பவன் நேர்மையானவன். தான் கொழுத்து மக்களை மெலிய வைப்பவனுக்கு வெட்கம் வேண்டாமா என்கிறார். படத்தை வைத்துக் குதிரையைத் தேடுபவர்கள் தங்கள் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிக்கிறார். தேரை பிடித்த மகனின் கதை இங்கே வேறு வேலை செய்கிறது. இந்தப் படத்தில் தேட வேண்டியது தன்னைத்தான்.

பழைய கதையின் கேள்வியையே இது மாற்றிவிடுகிறது. கோங் காயின் குதிரை வெளியே நின்று, என்னை யார் அறிவார் என்று கேட்டது. ரென்ஃபா உள்ளே இருப்பவர். அறியப்பட்டாகிவிட்டது, லாயமும் கிடைத்துவிட்டது, இப்போது தின்பது யாருடைய கொள்ளு என்பதே அவருடைய கேள்வி. சக அதிகாரிகள் விரும்பக்கூடிய கேள்வி அல்ல. தான் மெலிந்த குதிரை என்று அவர் எங்கும் சொல்லிக்கொள்ளவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தூரிகை கொழுத்த குதிரையை வெறுக்கவுமில்லை. அதன் புள்ளிகளில் தெரியும் பொறுமையைப் பார்த்தால், இரண்டில் அதை வரையும்போதுதான் அவர் அதிகம் மகிழ்ந்திருப்பார் என்று தோன்றுகிறது.

ஏலச் சந்தைக்கு இந்தக் கேள்வியெல்லாம் முக்கியமில்லை. டாங் வம்சத்து இளவரசர்கள் ஐவர் குடித்துவிட்டுக் குதிரையில் வீடு திரும்பும் ரென்ஃபாவின் இன்னொரு சுருள், 2020 அக்டோபரில் ஹாங்காங்கில் 30.66 கோடி ஹாங்காங் டாலருக்கு (அப்போதைய மதிப்பில் சுமார் 290 கோடி ரூபாய்) விற்றது. கடைசிப் பேரரசர் பூ யி, 1922-இல் அரண்மனையிலிருந்து ரகசியமாக வெளியே கடத்திய பொருள்களில் அதுவும் ஒன்று.

2001-இல் ஷாங்காயில் ஒரு குடியிருப்புக்கு அஸ்திவாரம் போட்டபோது, பூமிக்கடியில் கற்பலகைகள் தட்டுப்பட்டன. தோண்டிப் பார்த்ததில் யுவான் காலத்து மதகு ஒன்று வெளிப்பட்டது. கடல் ஓதம் ஏறும்போது வண்டல் உள்ளே வராமல் கதவை மூடவும், வடியும்போது திறந்து வண்டலை அடித்துச் செல்ல விடவும் கட்டப்பட்டது அது. ரென்ஃபாவின் பணியாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். 2012-இல் அந்த இடம் அருங்காட்சியகமானது. கற்பலகைகளுக்கு அடியில் ஆயிரக்கணக்கில் மரத்தூண்களை அடித்து இறக்கியிருக்கிறார்கள். 700 ஆண்டு ஈரத்தில் அவை உளுத்துப்போகவில்லை.