குறைகளை எண்ணுகிறவர்கள்

பாலக்கோட்டுப் பக்கம் வீடு வாங்கப் போன நண்பர் ஒருவர், முதலில் ஓர் இஞ்சினீயரை அழைத்து வந்து வீட்டைச் சோதிக்கச் சொன்னார். மெச்ச வேண்டிய காரியம்தான். நம்மவர்கள் வில்லங்கம் பார்ப்பார்கள், வாஸ்து பார்ப்பார்கள், சுவரைப் பார்க்கமாட்டார்கள். இஞ்சினீயர் 23 குறைகளை எழுதிக் கொடுத்தார். அதன் பிறகு நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"இருபத்து மூன்றா! இந்த வீடே வேண்டாம்" என்று நண்பர் வெலவெலத்துப் போனார். அவருடைய மைத்துனரோ, "குறைக்கு ஐயாயிரம் தள்ளச் சொல்லுங்கள், மாமா" என்றார். விற்பவர் சம்மதித்தார். 1,15,000 ரூபாய் குறைந்ததும் நண்பரின் பயம் பறந்துவிட்டது! மறுநாள் முன்பணம் என்று பேசி முடித்துவிட்டார்கள்.

குறைகளை எண்ணினார்களே தவிர, இருவரும் படிக்கவில்லை. நான் படித்தேன். குழாய் சொட்டுகிறது, கதவு பிடிக்கிறது, பூச்சில் மயிரிழை வெடிப்பு என்று முக்கால்வாசி அற்ப விஷயங்கள். பூச்சு உலர்ந்தால் மயிரிழை விடத்தான் செய்யும். ஆனால் அடுக்களைக் கூரையில் துருவேறிய கம்பி தெரிகிறதாம். துருவேறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டையே பெயர்த்துத் தள்ளும். மேலே பூசினால் மறையுமே ஒழிய நிற்காது. அதைச் சரிசெய்ய என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. கதவுக்கும் ஐயாயிரம், கூரைக்கும் ஐயாயிரம்!

கடைசி வரி, 'போர் தண்ணீர் சோதிக்கப்படவில்லை' என்பது. தருமபுரி மாவட்டத்தில் அதுவல்லவா முதல் வரியாக இருக்க வேண்டும்? இங்கே பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு, லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பைத் தாண்டிவிடுகிறது. குழந்தைகளின் பற்களில் பழுப்பேறும். ஆண்டுக்கணக்கில் குடித்தவர்களுக்கு மூட்டும் முதுகும் விறைக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே இதற்காகத்தான்.

"தண்ணீர் பளிங்காட்டம் இருக்கிறதே" என்றார் நண்பர். ஃபுளோரைடுக்கு நிறம் ஏது? "காய்ச்சிக் குடித்தால் போகிறது" என்றார் மைத்துனர். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு சாகாது. நீர் சுண்டச் சுண்ட அது செறிவாகும்.

"ஒகேனக்கல் தண்ணீர் இந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று பக்கத்து வீட்டு அம்மாளைக் கேளுங்கள். போர் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். முடிவு வந்த பிறகு முன்பணம்" என்றேன்.

"நாளைக்கு என்று வாக்குக் கொடுத்துவிட்டேனே!"

"வாக்கு நீங்கள் கொடுத்தது. தண்ணீர் குடிக்கப் போவது உங்கள் ஆறு வயதுப் பெண்."

நண்பர் பதில் பேசவில்லை. உள்ளே போய்ச் சுத்தமான பாட்டில் ஒன்றைத் தேட ஆரம்பித்தார்.