செவ்வாயின் குருதியுண்ணிகள் பேய்களா?

வேற்றுக் கோளிலிருந்து இறங்கி மனிதரின் இரத்தத்தைக் குடிக்கும் பிராணிகளைப் பற்றிய கதைகளெல்லாம் வெள்ளைக்காரன் கட்டிவிட்ட பேய்க்கதைகளே. அவற்றை நம் பிள்ளைகள் தொடலாகாது என்று கூறுவோர் நம்மிடையே உளர். காட்டேரிக்குக் கோழி அறுப்பவர், கேட்டாலே பேய் பிடிக்குமென்று அஞ்சி இவ்வாறு கூறினால் அதில் வியப்பில்லை. காட்டேரி பொய்யென்று மேடையேறி முழங்கும் சீர்திருத்த அன்பர்களும் அவரோடு சேர்ந்து தலையசைப்பதே வியப்பு. பேயை ஓட்டப் புறப்பட்டவர், பேயை ஓட்டிய நூலையே பேய்நூலென்று தள்ளுவது முறையாகுமா?

நாம் குறிப்பிடும் நூல் எச். ஜி. வெல்ஸ் எழுதிய ‘உலகங்களின் போர்’. 1897-ஆம் ஆண்டில் மாத இதழொன்றில் தொடராக வந்து, 1898-இல் நூலுருப் பெற்றது. வெல்ஸ் செல்வர் வீட்டுப் பிள்ளையல்லர். தந்தையார் சிறு கடைக்காரர். தாயார் பிறர் மாளிகையில் ஊழியம் செய்தவர். தாமும் இளமையில் துணிக்கடையில் வேலை பழகியவர். பின்னர் லண்டனில் தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிர்நூல் கற்றார். அக்கல்வியின் முத்திரை இந்நூல் முழுவதும் பதிந்திருக்கிறது.

செவ்வாயினரின் உடலமைப்பை அவர் விவரிக்கும் பகுதியைப் பாருங்கள். ஏறத்தாழ நான்கடி குறுக்களவுள்ள உருண்டைத் தலையே உடல். மூக்கில்லை. கரிய பெருங்கண்கள் இரண்டு. கீழே பறவை அலகு போன்ற வாய். அதைச் சூழ்ந்து சாட்டை போன்ற 16 கைகள். இரைப்பையுமில்லை, குடலுமில்லை. உண்பதுமில்லை, செரிப்பதுமில்லை. உயிரோடிருக்கும் பிற பிராணியின் இரத்தத்தைச் சிறு குழாய்வழி வாங்கித் தம் நாளங்களில் நேரே செலுத்திக்கொள்கின்றனர். உறக்கம் இல்லை, களைப்பு இல்லை, ஆண் பெண் வேற்றுமையும் இல்லை. இது மந்திரவாதி சொல்லும் கதையா, உயிர்நூல் மாணவன் எழுதும் குறிப்பா? படிப்போரே தீர்ப்புக் கூறலாம்.

மலாய்க்காரரின் பழங்கதைகளில் வரும் பெனாங்காலானும் உடலற்ற தலைதான். அது குடலைத் தொங்கவிட்டுக்கொண்டு இரவில் பறந்து, பிள்ளை பெற்றவளின் இரத்தத்தை நாடுமாம். வீட்டைச் சுற்றி முள்ளிலை கட்டினால் அண்டாதாம். வெல்ஸின் தொடர் வெளிவந்த அதே 1897-இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய ‘டிராகுலா’ வெளியாயிற்று. அப்பிரபுவும் இரத்தம் குடிப்பவனே. பூண்டுக்கும் சிலுவைக்கும் அஞ்சி விலகுவான். முள், பூண்டு, சிலுவை, நம் வீட்டு வேப்பிலை: பெயர்தான் வேறு, நம்பிக்கை ஒன்றே. செவ்வாயினரோ இவற்றில் எதற்கும் அஞ்சுவதில்லை. இடிந்த வீட்டில் அகப்பட்டுக்கொண்ட பாதிரியார் ஒருவர், ஆண்டவன் தண்டனை வந்துவிட்டதென்று ஓலமிடுகிறார். அந்த ஓசை எல்லோரையும் காட்டிக்கொடுத்துவிடும் என்று கதை சொல்பவன் அவரை அடித்து வீழ்த்துகிறான். நீண்டு வந்த கையொன்று அவரை இழுத்துச் சென்றுவிடுகிறது. பிரார்த்தனை அவரைக் காக்கவில்லை.

அந்த 1897-ஆம் ஆண்டில் மூன்றாவதாக ஒரு குருதியுண்ணியின் கதையும் வெளிப்பட்டது, அது கற்பனையன்று. ஆகஸ்டு மாதம் செக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ், கொசுவின் வயிற்றுக்குள் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1901 முதல் கிள்ளானில் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடியச் செய்தார், காய்ச்சல் குறைந்தது. பேய் அடித்த காய்ச்சலென்று தாயத்துக் கட்டியும் போகாதது, வாய்க்கால் வெட்டியதும் போயிற்று. இரத்தம் குடிப்பவனை ஓட்ட வேண்டுமானால் முதலில் அவன் உடற்கூற்றை அறிய வேண்டும். வெல்ஸின் நூல் பழக்குவது இந்த மனப்பான்மையையே.

“அவர் எழுதியதெல்லாம் உண்மையாயிற்றா?” என்று கேட்பர். ஆகவில்லை. 1901-இல் லாண்ட்ஸ்டைனர், மனிதருக்குள்ளேயே ஒருவர் இரத்தம் மற்றொருவருக்கு ஒவ்வாதென்று காட்டினார். கோள்விட்டுக் கோள்வந்த பிராணிக்கு நம் இரத்தம் எவ்வாறு ஒக்கும்? 1965-இல் மாரினர் 4 என்னும் விண்கலம் செவ்வாயின் படங்களை அனுப்பியது. அவற்றில் கண்டவை குழிகளே, ஊர்களும் கால்வாய்களும் அல்ல. ஆனால் தோழர்களே, ஒன்றைக் கவனியுங்கள். வெல்ஸின் பிழையைச் சோதனையால் காட்ட முடிந்தது. காட்டேரியை எந்தச் சோதனைச் சாலைக்கு அழைத்தால் வரும்? பிழையென்று காட்டக்கூடிய கற்பனைக்கும், பிழையென்று ஒருநாளும் ஒப்பாத மூடநம்பிக்கைக்கும் உள்ள தூரம் இதுவே.

இன்னொரு தடையும் எழுப்புவர்: செவ்வாயினர் மடிந்ததைக் கூறுமிடத்தில் வெல்ஸே கடவுளின் பெயரைச் சொல்கிறாரே என்பர். சொல்கிறார், மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர் காட்டும் காரணத்தைப் படியுங்கள். அவர்களைக் கொன்றவை கண்ணுக்குத் தெரியாத கிருமிகள். மனிதன் பிழைத்ததோ, அவன் முன்னோர் எண்ணற்ற தலைமுறைகளாய் அக்கிருமிகளால் செத்துச் செத்து எதிர்ப்பாற்றலைத் தேடி வைத்ததால். நம் உயிருக்கு விலை கொடுத்தவர் இறந்துபோன சாதாரண மக்களே என்பது இதன் பொருள்.

இனி நூலின் உள்ளக்கிடக்கைக்கு வருவோம். முதல் அத்தியாயத்திலேயே வெல்ஸ் தம் நாட்டாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறார். செவ்வாயினரைக் கொடியவரென்று பழிக்குமுன், டாஸ்மேனியப் பழங்குடியினருக்கு ஐரோப்பியர் செய்த அழிவை எண்ணுங்கள் என்கிறார். 1803-இல் பிரிட்டிஷார் அத்தீவில் குடியேறினர். 1830-இல் எஞ்சிய மக்களை வளைத்துப் பிடிக்க மனிதச் சங்கிலி போல் படையையும் குடியேறிகளையும் நிறுத்தி நடத்தினர். அவ்வினம் அடியோடு அற்றுப்போயிற்றென்று வெல்ஸ் எழுதியது பிழை. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். ஆனால் இழைக்கப்பட்ட கொடுமை பிழையன்று. நாம் இறைச்சி தின்பது அறிவுள்ள முயலொன்றுக்கு எவ்வளவு அருவருப்பாய்த் தோன்றும் என்றும் அவர் கேட்கிறார். தலை பெருத்து வயிறு அற்றுப் பிறர் இரத்தத்தில் வாழும் அப்பிராணி, உழைப்பை மறந்து இரக்கத்தை உதறிய அறிவின் உருவமேயாகும். இதனை உழைத்து உண்ணும் தோட்ட மக்களுக்கும் நகர மக்களுக்கும் விரித்துரைக்கவும் வேண்டுமோ?

இந்தக் கூர்மையைத் தாங்காதவர் நூலையே சலவை செய்தனர். 1953-இல் அமெரிக்காவில் எடுத்த படத்தில் கதை கலிபோர்னியாவுக்குப் போயிற்று, செவ்வாயினர் இரத்தம் குடிப்பது போயிற்று, டாஸ்மேனியா போயிற்று. அச்சத்தால் அலறிய பாதிரியாருக்குப் பதிலாக, சிலுவை பொறித்த வேத நூலை ஏந்தி அஞ்சாது நடந்து மாயும் வீரப் பாதிரியார் வந்தார். மக்கள் கோயிலில் கூடியிருக்கையில் பகைவர் வீழ்கின்றனர். 2005-ஆம் ஆண்டுப் படத்தில் இரத்தம் திரும்பி வந்தது, டாஸ்மேனியா வரவில்லை. குடிப்பவனைக் காட்டலாம், அவன் யாரைப் போன்றவன் என்பதை மட்டும் சொல்லலாகாது! பேய்க்கதையென்று நூலை ஒதுக்கும் நம்மவரும் அறியாமலே இச்சலவைக்குத் துணைபோகின்றனர்.

சீர்திருத்த அன்பர்களுக்கு இறுதியாக ஒரு சொல். அந்நூலில் பீரங்கிப் படைவீரன் ஒருவன் வருகிறான். பூமிக்கடியில் சுரங்கம் தோண்டி மனித குலத்தையே காப்பேன் என்று அருமையாகப் பேசுகிறான். மாலைக்குள் மண்வெட்டியை எறிந்துவிட்டுச் சீட்டாடவும் மது அருந்தவும் உட்கார்ந்துவிடுகிறான். அவனைப் படிக்கையில் நம் கூட்டங்கள் சில நினைவுக்கு வரவில்லையா? பெண் வீட்டாரின் இரத்தத்தை வரதட்சிணையாய் உறிஞ்சிக்கொண்டு, ஏழையின் கூலியை வட்டியாய்க் குடித்துக்கொண்டு, சாதிப் பெருமையை வீட்டுக்குள் வளர்த்துக்கொண்டு, மேடையில் மட்டும் காட்டேரியை ஓட்டுவது எத்தகைய சீர்திருத்தம்? ஆகவே இந்நூலைப் பிள்ளைகளிடமிருந்து பிடுங்காதீர்கள். அவர்களோடு உட்கார்ந்து நீங்களும் படியுங்கள். படித்து முடித்ததும், பேய் உண்டா என்று கேளாதீர்கள். நான் யார் இரத்தத்தில் வாழ்கிறேன் என்று கேளுங்கள்.